மூன்று மில்லிமீட்டர்

கலாமாவில் கண் மருத்துவரிடம் போனால்
முதலில் ஒரு காகிதக் கீற்றைக் கீழிமையில் செருகி
கண்ணை மூடச் சொல்வார்.
ஐந்து நிமிடம்.
வெளியே ஒரு நாய் யாரையோ குரைத்துக்கொண்டிருக்கும்.
பிறகு உருவியெடுத்து
நனைந்த தூரத்தை அளப்பார்.

"மூன்று மில்லிமீட்டர், யாஸ்னா."

போன வருடம் இந்த ஊருக்குப் பெய்த மழையும்
ஏறக்குறைய அவ்வளவுதான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. தெற்கே, ஈரமான ஊர்க்காரர்.
மழையை வைத்து விளையாடத் தெரியாது.

என்ன வேலை?
லாரி.
அப்படியென்றால் தூசி.
தூசி இல்லை டாக்டர், லாரிதான் சுரங்கத்தில் இருக்கிறது,
நான் ஊருக்குள் ஏசி அறையில் இருக்கிறேன்.
ஆறு திரை, எட்டு லாரி.
ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம்.
வயிறு முட்டச் செம்புத்தாதுவோடு
ஆளில்லாமல் மேடேறும்.
நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு லாரி
விளிம்பைத் தாண்டிவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நான் அதைச் சொல்லுக்குச் சொல்
நம்பிவிட்டேன்.

எழுதித் தந்தது செயற்கைக் கண்ணீர்.
பெட்டிக்கு முப்பது குப்பி,
ஒவ்வொன்றும் பூண்டுப்பல் அளவு.
கழுத்தைத் திருகினால் 'டக்'.
முதல் சொட்டு எப்போதும் கன்னத்துக்கு.
இரண்டாவது மூக்கோரம் இறங்கி
உதட்டில் உப்பில்லாமல் தொடும்.
மூன்றாவதுதான் கண்ணுக்கு.
எட்டு லாரியும் கரைந்து மஞ்சள் விளக்காகும்,
பிறகு ஒவ்வொன்றாகத் தன் சக்கரத்துக்குத் திரும்பும்.
அந்த நொடியில்
மணல் போனபின் தெரியும், அத்தனை நேரம்
கண்ணில் மணல் இருந்ததென்று.

காற்றடித்தால் தானாகவே கொட்டுகிறதே,
பிறகெப்படி வறட்சி என்று கேட்டிருந்தேன்.
வறண்ட கண்தான் அதிகம் ஒழுகும் என்றார்.
பதறி வரும் நீர் அது, நிற்காது, ஓடிவிடும்.
பாறைமேல் பெய்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை உறைகள் வந்தன.
பழுப்பு நிறம், பெயர் தட்டச்சில்.
என் பெயரில் இல்லை.
நொல்பெர்த்தோ அயவிரேயின் பெயரில் இருந்தது.
இந்த அறை வருவதற்கு முன்
லாரிக்குள்ளேயே உட்கார்ந்து
பதினோரு வருடம் ஓட்டியவர்.
உறையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு
மதியம் வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்,
அவருடைய இரண்டு லாரியை.

நான்கு மணி என் சொட்டு நேரம்.
நடைபாதையில் தலையைப் பின்னால் சாய்த்து
கண்ணுக்கு இரண்டாக விட்டுக்கொண்டேன்.
கன்னம் வழிய நிமிர்ந்தால்
எதிரே அவர்.

"எனக்காகவா?" என்றார்.

மருந்து என்று சொல்லியிருக்கலாம்.
ஒரு சொல்தான், நாக்கின் நுனியில் இருந்தது.
காலிக் குப்பி உள்ளங்கையில் இருந்தது.
கையை மூடிக்கொண்டேன்.

"அழாதே பெண்ணே," கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்,
ஆரஞ்சுத்தோல் வாசனை.
"எனக்கு அந்தோபகஸ்தாவில் ஒரு மச்சான் இருக்கிறான்,
அவனிடம் ஒரு படகு இருக்கிறது, பாதிப் படகு,
மீதியைக் கட்டிக்கொண்டால்…"
அந்த இடத்தில் நின்றார்.
காலையிலிருந்து காய்ந்தே கிடந்த முகம்
வாயோரத்தில் தொடங்கி
ஒரேயடியாக நனைந்தது.
துடைக்க அவரிடம் எதுவும் இல்லை.
கைக்குட்டை என் கையில்.

இப்போது எனக்குப் பத்து லாரி.
சங்கு வடிவத்தில் ஒரு கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன்,
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இமை, இமை என்று கத்தும்.
பக்கத்து நாற்காலிக்காரி அதைக் கவிழ்த்துவைக்கிறாள்.

கைக்குட்டையைத் துவைத்தேன், திருப்பிக் கொடுக்க.
கம்பியில் போட்டுவிட்டுக்
கிளிப்பெடுக்க உள்ளே போய்த் திரும்பினேன்.
காய்ந்துவிட்டிருந்தது.
இந்த ஊரில் அதற்கு
ஐந்து நிமிடம்கூட ஆகாது.