சொட்டு நீலம்

நகரியில் ஞாயிறு பகல் கரண்ட் போனால்
முதலில் தெரிவது இருட்டு அல்ல.
எதிர்வீட்டு விசைத்தறி நான்கும்
ஒரே மூச்சில் வாயை மூடிக்கொள்வது.
அதுவரை கத்தியே பேசிய நாங்கள்
சட்டென்று குரலைத் தாழ்த்துவோம்,
எதையோ திருடியவர்கள் மாதிரி.

அந்த அமைதியில்தான் சொன்னேன்:
வாங்க, கண்ணுக்குத் தெரியாமல் எழுதலாம்.

மூன்றாக ஒடித்த ஒரு மெழுகுவத்தி.
டிராயிங் நோட்டிலிருந்து மூன்று தாள்.
டம்ளர் தண்ணீரில், துணிக்குப் போடும் சொட்டு நீலம்,
பத்துச் சொட்டு; கை தவறிப் பன்னிரண்டு.
பிரஷ் இல்லை.
அவருடைய ஷேவிங் பிரஷ் இருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு.
எழுதுகிறவருக்கே தெரியாது எழுதியது.
பக்கத்து போர்ஷன் சாத்விக்
மூக்கு தாளில் உரச எழுதினான்.
பூர்விகா இடது கையால் மறைத்துக்கொண்டாள்,
ஏற்கெனவே தெரியாத ஒன்றை.
கபிலன் சீக்கிரமே முடித்துவிட்டு
மெழுகை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நீலம் பூசினேன்.
சாத்விக் தாளில் ஒரு கிரிக்கெட் மட்டை மேலெழும்பியது,
பக்கத்தில் அவன் பேர், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல்.
கபிலன் தாளில் நீலம் மட்டும்.
ஓரம்வரை பூசினேன். புரட்டியும் பூசினேன்.
"எங்கேடா எழுதினே?"
"எழுதலைம்மா. ரகசியம்னு சொன்னியே."

பூர்விகா தாளை நீட்டியதும் எழுந்து போய்விட்டாள்.
மோட்டார் போடணும் என்றாள்,
கரண்ட் இல்லாத வீட்டில்.

முதல் இழுப்பில் ஒரு வளைவு, அடுத்ததில் நான்கு.
பிறகு ஐந்து வரி, உருண்டை உருண்டையாக,
நீலக் குளத்தில் யாரோ கூழாங்கல் எறிந்த மாதிரி.
தெலுங்கு.

பொதட்டூர்பேட்டையிலிருந்து முக்கால் மணி பஸ்தான்.
தறி இங்கே கிடைத்தது, வந்தோம்.
மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் கேட்டார்:
வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பீர்கள்?
இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.
அவள் சுவரில் இருந்த எழுத்து சார்ட்டைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த தெலுங்கு எழுத்தெல்லாம்
வாசலில் போகிற, வருகிற எழுத்து.
அம்மவாரு கோயில் ஆர்ச்சில் இருக்கும் "அம்ம",
அது இந்தத் தாளில் இரண்டு இடத்தில் இருந்தது.
கடைசியில் கையெழுத்து:
புத்தூர் பஸ் போர்டின் முதல் எழுத்து,
வால் மட்டும் கொஞ்சம் நீளம். என் பூர்விகா.
நடுவில் இருக்கிற எல்லாம்
திறந்த ஜன்னல், எட்டாத உயரம்.

ஒன்று மட்டும் முழுசாகப் படிக்க முடிந்தது.
நான்காவது வரியின் முடிவில்
கேள்விக்குறி.
அது எங்கள் ஊர்க் கேள்விக்குறி மாதிரியே இருந்தது.

சாத்விக்கிடம் இரண்டு கிரீம் பிஸ்கெட் நீட்டினேன்.
தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது.
கண் வேகமாக ஓடி, ஒரு இடத்தில் நின்று,
திரும்பி வந்தது.
"மீகே ராசிந்தி, ஆன்ட்டி.
நான் சொல்லக்கூடாது."
பிஸ்கெட்டைத் திருப்பித் தந்தான், இரண்டையும்.

எட்டு வயசுக்கு இவ்வளவு நாணயம் வேண்டாம்.

கரண்ட் வந்தது. தறிகள் தொடங்கின.
தாளைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்,
பக்கத்தில் அவருடைய லுங்கி,
அதிலும் கொஞ்சம் நீலம்.

ராத்திரி, பாய் விரிக்கும்போது:
"படிச்சியாம்மா?"
தறிச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம்.
"ம்."
"என்ன சொல்றே?"
அவள் குரலில் எதற்கோ தயாராகிற ஒரு சின்ன இடைவெளி.
"யோசிச்சுச் சொல்றேன்."
"எப்போ?"
"கொஞ்ச நாள் ஆகும்."
சரி என்று சொல்லி, என் நீல விரலைப் பிடித்தபடியே
தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.
கையில் பால் கணக்கு நோட்டு, பின்பக்கம்.
முதல் எழுத்து வந்துவிட்டது.
இரண்டாவது கொஞ்சம் சிக்கல்:
அடியில் இன்னொரு குட்டி எழுத்தைக்
கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
அதன் கொக்கியை வரைந்து முடிப்பதற்குள்
கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

அடுத்த புத்தூர் வண்டி இருபது நிமிஷத்தில்.