முப்பது நொடி

அந்தக் குரல் என்னுடையதுதான்.
பின்னால் ஒரு குக்கர் விசில் கேட்கும், கவனியுங்கள்,
அது என் அடுப்பு.
தேனிப் பக்கத்துக் கூடலூரில், நர்ஸ் குவார்ட்டர்ஸில்
இரவு எட்டே முக்காலுக்கு
சுருளியம்மாளுக்காகப் பேசியது.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில்
இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டிருந்த வாரம்.
ரத்தம் ஆய்வகம் போய்ச் சேருமுன்
ஊர் பெயர் வைத்துவிட்டது:
வவ்வால் காய்ச்சல்.
"சிஸ்டர், கொடியில பழம் கறுத்து நிக்குது.
வெட்டவா, விடவா?"

நான் சொன்னது இது, ஒரு சொல் மாற்றவில்லை:
"திராட்சையில வவ்வா வந்து எறங்குது,
அந்தத் தோட்டத்துப் பழம் எதத் தின்னாலும் காய்ச்சல் வரும்,
தொட்டாலே ஒட்டிக்கிரும்,
மூணாம் நாளு நெனவு தப்பிரும்,
கம்பத்துல ஏழு பேரு போயிட்டாக,
வெளிய சொல்லாம மறைக்கிறாக..."
இங்கே மூச்சு வாங்கினேன்.
குக்கர் கத்தியது.
"...அப்படின்னு ஒருத்தன் அனுப்பிக்கிட்டுத் திரியிறான்ல,
அத நம்பாதீக.
கடிபட்ட பழத்தத் தூரப் போடுங்க,
மத்ததக் கழுவித் தின்னுங்க."

அவள் மகன் மொக்கராசு நல்ல பிள்ளை.
ஊருக்கு உபயோகமாகட்டுமென்று
ஒரு திராட்சைக் குலைப் படத்தை ஒட்டி
ஸ்டேட்டஸில் வைத்தான்.
ஸ்டேட்டஸ் முப்பது நொடிதான் வாங்கும்.
'அப்படின்னு' என்பது
முப்பத்தோராவது நொடியில் இருந்தது.

நம் மொழி அப்படி.
மறுப்பைக் கடைசித் தையலாகப் போடுகிற மொழி.
கேட்கிறவன் இருந்து கேட்பான் என்று நம்பி
வாக்கியம் முழுவதையும் பொய்யின் கையில் கொடுத்து
வாசலில் காத்திருக்கும் ஓர் 'இல்லை'.

விடிகாலை ஐந்தரை. லோயர் கேம்ப்.
தோட்டத்துக்கு ஏறுகிற ஜீப்புகளில்
என் குரல் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது.
பத்து மணிக்கு சோதனைச் சாவடியில்
திராட்சை லாரி மூன்று திரும்பின.
மதியம் குமுளியிலிருந்து ஷைனி அனுப்பினாள்,
கீழே மலையாளத்தில் நாலு வரி சேர்ந்திருந்தது:
"சேச்சீ, இது ஆரா? கேட்டிட்டு பேடியாகுன்னு."
அதற்குள் நான் 'தேனி பெரிய டாக்டரம்மா' ஆகியிருந்தேன்.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் வராத பதவி உயர்வு
ஒரே ராத்திரியில்.

முழுதாகக் கேட்டவள் சுருளியம்மாள் ஒருத்திதான்.
கழுவித் தின்றாள், பேரப்பிள்ளைக்கும் கொடுத்தாள்.
வெட்டியும் வைத்தாள், அறுபது பெட்டி.
வியாபாரி போனை எடுக்கவில்லை.
நாலாம் நாள் அந்தச் சந்து முழுக்கப்
புளித்த வாடை, ஈ.
என்னைத் திட்டவில்லை.
"நீங்க சரியாத்தான சொன்னீக" என்றாள்.
திட்டியிருக்கலாம்.

மறுபடி பேசினேன்.
இந்த முறை தலைகீழாக:
"பொய். பொய். இனி நான் சொல்லப்போறது பொய்."
இலக்கணம் செத்த அந்தப் பேச்சு
பதினோரு பேரைத் தாண்டவில்லை.
அதில் நாலு பேர் என் ஆபீஸ்.

பிறகு ஒருநாள், ஜீப் ஸ்டாண்டில்,
வேலைக்குப் போகிற பெண்களுக்கு நடுவே,
ஒரு கொத்தை எடுத்துச்
சொம்புத் தண்ணீரில் அலசிக் காட்டினேன்.
ஒன்று வாயில் போட்டேன். இன்னொன்று.
பன்னீர் திராட்சை, இனிப்பு, ஆனால் விதையுள்ளது.
ஒரு பெண் கை நீட்டினாள்.
அப்போதுதான் விதை ஒன்று தொண்டையில் இடற
இருமினேன்.

நீட்டிய கை நின்றது.
எதிரே மூன்று போன்கள்,
மூன்றிலும் சிவப்புப் புள்ளி.