குந்துமணி எடை

விண்ணப்பம் நாலு பக்கம்.
சொந்த வீடா, வாடகை வீடா என்கிற
மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார் வயிரவன்.
பள்ளத்தூரில் அறுபத்தெட்டுக் கதவு வைத்த வீட்டில்
எங்களுக்கு அரை வீசம்.
சாவி கோலாலம்பூரில் இருக்கிறது.
கழனிவாசலில் ரெண்டு ரூம்,
மாசம் ஏழாயிரம், தண்ணீருக்குத் தனி.
நான் 'வாடகை'யில் டிக் அடித்தேன்.
பேனாவைப் பிடுங்கி ஓரத்தில் பொடி எழுத்தில்
'பூர்வீகம் உண்டு' என்று சேர்த்துக்கொண்டார்.

பிள்ளை தனியாகச் செய்யும் வேலைகள்?
செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு
மாற்றவில்லை என்று சாதிப்பாள்.
துவரம்பருப்பில் உளுந்தைக் கொட்டிக் கலக்கிவிட்டு
ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பாள்.
பிரிப்பதை மட்டும் எழுதினோம்.

நூறடி ரோட்டில்
நகைக்கடன் கவுண்டரில் இருக்கிறேன் நான்.
மே கடைசியில் வருகிற சங்கிலிகள்
கழுத்துச் சூடு ஆறாமல் தட்டில் விழும்.
கடனுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
அவர்கள் வாய் திறக்குமுன்
'படிப்பு' என்று டைப் அடித்துவிடுவேன்.
இந்த வருஷம் என் வளையல் ரெண்டுக்கும்
ஸ்டாஃப் ரேட் உண்டா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்.
கால் சதவீதம் குறைப்பார்களாம்.

சனிக்கிழமை பிள்ளையோடு வரச்சொன்னார்கள்.
ஒரு வாரமாக
ஏ ஃபார் ஆப்பிளில் தொடங்கி
வீட்டு விலாசம் வரை உருப்போட வைத்திருந்தோம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒரு சாண் உயர நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்து
பேச வேண்டாம் என்றார் பெனிட்டா அக்கா.
வயிரவனின் முழங்கால் அவர் தாடைக்கு வந்தது.

ஒரு பையன், ஐந்து வயசிருக்கும்,
ஆயிரத்தை இரு கையாலும்
கும்பம் மாதிரி சுமந்து வந்து பாயில் இறக்கினான்.
நூறு ஒரு தகடு. பத்து ஒரு கம்பி.
ஒன்று, ஒரே ஒரு மணி.
தங்க மணிகள் என்று பெயராம்.
பழக்கதோஷம், என் கண் காரட் பார்த்தது.
கண்ணாடி.

தேனாள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.
பாதி கிண்ணத்தில், பாதி தரையில்.
நான் எழுவதற்குள்
என் முந்தானை எழுந்துவிட்டது.
பெனிட்டா அக்கா ஒரு விரல்தான் தூக்கினார்.
சுற்றிப் பார்த்தாள் தேனாள்.
யாரும் வரவில்லை.
ஸ்பாஞ்சைத் தானே தேடி எடுத்தாள்.
தரையைவிடக் கவுனைத்தான் அதிகம் துடைத்தாள்.

ராத்திரி துவைக்கப் போட்டபோது
அந்தக் கவுன் பையில்
ஒன்று.

'சேர்த்த பிறகு கொடுத்துக்கலாம்' என்றார் வயிரவன்,
'இப்பப் போய் நின்னா
திருடின்னு எழுதிருவாங்க.'
மூன்று வயசு முடிய இன்னும் இருபது நாள் அவளுக்கு.

திங்கட்கிழமை ஆள் வருமுன்
ஆபீஸ் தராசில் வைத்தேன்.
அரை கிராமுக்குக் கொஞ்சம் கீழே.
குந்துமணித் தங்கம்கூடக் கூடுதலாகப் போடவில்லை என்று
பேச்சு வாங்கிய கழுத்து இது.
எதற்கென்றே தெரியாமல்
இரண்டாம் தடவையும் நிறுத்தேன்.

செவ்வாய் காலை, எட்டே முக்கால்.
மன்னிப்பை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.
பெனிட்டா அக்கா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
'ஜோயல் அன்றைக்கெல்லாம் தேடினான்' என்றார்,
'அவளே வைக்கட்டும்.'

தட்டு இருக்கிறது.
ஜோயல் இருக்கிறான்.
தேனாளின் கை
மூடியபடியே தட்டுக்கு மேலே நிற்கிறது.
அதட்டினால் விரிந்துவிடும், எனக்குத் தெரியும்,
என் ஒரு சத்தம் போதும்.
நாலாம் பக்கத்தில்
இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
பெனிட்டா அக்காவுக்கு அவசரம் ஏதும் இல்லை.
எனக்கு
ஒன்பதரைக்குக் கவுண்டர்.