திங்கட்கிழமை அலறாத வண்டி

கிம் லுவானுக்குத் தமிழில் தெரிந்தது
மீன் பெயர்களும் விலையும்.
வஞ்சிரம், கொடுவா, சங்கரா என்று
தேக்கா சந்தையில் பிசகாமல் கூவுவாள்.
வண்டியின் நோயை மட்டும்
மலாயில் சொன்னாள், பாதி கையால்:
நள்ளிரவில் தானாக ஹாரன் அடிக்கிறது,
நாலாம் மாடி நிறுத்துமிடத்தில்.
எதிர் புளோக்கில் வரிசையாய் விளக்கெரிகிறது.
நகர மன்றத்திலிருந்து இரண்டு கடிதம்.
பேட்டரி இரண்டு முறை மாற்றியாயிற்று.
ஏழாம் மாதம், பசித்த ஆவி
என்றானாம் முதலில் பார்த்தவன்.
ஆவிகள் திரும்பிப் போய்
டிசம்பரும் வந்துவிட்டது. அலறல் நிற்கவில்லை.

காக்கி புக்கிட் பட்டறையில்
பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன்.
உறங்கும் வண்டிக்கும் கொஞ்சம் மூச்சு வேண்டும்:
முப்பது மில்லியாம்ப், மிஞ்சினால் ஐம்பது.
இது நானூறு இழுத்தது,
தூக்கத்தில் ஓடுகிறவனைப் போல.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்க
பதினொன்றில் எண் சரிந்தது.
ஓட்டுநர் காலடியில் ரப்பர் விரிப்பைத் தூக்கினால்
கம்பிக்கட்டின் இணைப்பான்
பச்சை பூத்துக் கிடக்கிறது.

மழை, என்றேன். பருவமழையில்
வேறென்ன சொல்வது?
கண்ணாடி ஓரமெல்லாம் சாக்பீஸ் பொடி தூவி
ரோஸ்லானை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்து
ஒரு மணி நேரம் குழாயால் அடித்தேன்.
கூரை. கதவு ரப்பர். வைப்பர் குழி.
இல்லை இல்லை என்று
உள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டேயிருந்தவன்
அப்படியே தூங்கிப் போனான்.
பொடி, தூவியபடியே வெள்ளையாக.

மறுநாள் அவள் காலண்டரைக் கொண்டுவரச் சொன்னேன்.
சிவப்பு வட்டங்கள். ஹாரன் அடித்த இரவுகளா?
இல்லையாம். மறுநாள் காலை
அண்டை வீட்டாருக்கு
மன்னிப்பாக இறால் கொடுத்த கணக்காம்.
அதுவும் இதுவும் ஒன்றுதான்.
கைபேசியில் மழைக்கணக்கை எடுத்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
சாலையோரக் கால்வாய் விளிம்பு தட்டிய
அந்தத் திங்கள் இரவு
வண்டி சாதுவாக இருந்திருக்கிறது.
எந்தத் திங்களும் அலறவில்லை.
ஒரு துளி விழாத வாரத்தில்
ஐந்து இரவு அலறியிருக்கிறது.

திங்கட்கிழமை என்ன?

“மீன் இல்லை,” என்றாள், தமிழில்.

விரிப்புக்கு அடியில் விரலை விட்டு
நுனியை நாக்கில் வைத்தேன்.
ரோஸ்லான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
மழைக்கு ருசி கிடையாது,
ஏர்கான் சொட்டுக்கும் கிடையாது.
இது உப்பு.

பின்னால் நுரைப்பெட்டிகள், உருகும் ஐஸ்,
தரைத்தகட்டில் எப்போதோ கழன்ற
ஒரு போல்ட்டின் துளை.
அவளுக்குக் கிடைக்கும் இடமோ
சாய்தளத்தை ஒட்டி, வண்டியின் மூக்கு தாழ.
மத்தியானம் பின்னாலிருந்து கிளம்பும் நீர்
கம்பிக்கட்டைப் பிடித்து ஊர்ந்து ஊர்ந்து
நள்ளிரவில் வந்து சேரும்.
இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே
கடுகளவு கடல்.
அதில் கால் வைத்து
மின்சாரம் அக்கரை போய்விடும்.

ஆறு மாதமாய் எல்லோரும்
கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தோம்.

பச்சை ஏறிய கம்பியை வெட்டினேன்,
நல்ல செம்பு தெரியும்வரை, இன்னும் கொஞ்சம்.
ஈயம் வைத்து, இணைப்பானை ஒரு சாண் உயர்த்திக் கட்டி,
துளையை அடைத்தேன்.
ரசீதை வாங்கி
கெட்ட மீனின் செவுளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
இரண்டு கம்பி, கொஞ்சம் பசை, இவ்வளவா?
துளைக்கு ஐந்து வெள்ளி, என்றேன்.
மற்றதெல்லாம் திங்கட்கிழமைக்கு.
பத்து வெள்ளி குறைத்துத்தான் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கொடுவா வாங்கப் போனேன்.
ஹாரன்?
வாயே திறக்கவில்லையாம்.
செதில் சீவிக்கொண்டே சொன்னாள்:
பக்கத்து வீட்டுக்காரர்தான்
மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறாராம்,
வண்டிக்கு
உடம்பு சரியில்லையா என்று.