இரண்டாவது நாற்காலி

ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை.
அலெக்சாந்திரியாவுக்கு வருகிற ரயிலெல்லாம்
நேரே சீதி பிஷ்ர் மணலில்தான் வந்து நிற்கிறதோ
என்று எனக்கு ஒரு சந்தேகம்.
முதலில் தர்பூசணி இறங்கும்,
அப்புறம் அண்டா, அப்புறம் அடுப்பு,
அதற்கும் அப்புறம்தான் மனிதர்கள்.

குடை ஊன்றுவது என் பிழைப்பு.
நான்கு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு குடை,
குடைக்கு நான்கு நாற்காலி.
கடலுக்கு எவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு.
கடல் சும்மா,
நிழலுக்குத்தான் காசு என்பேன்.

பத்து மணிக்கு அவள் வந்தாள்,
தந்தாவிலிருந்து, தனியாக.
பழுப்பு அங்கி. ஒரு கையில் துணிப்பை,
இன்னொரு கையில் இப்போதே கழற்றிவிட்ட செருப்பு.
ஒரு குடை, இரண்டு நாற்காலி என்றாள்.
இன்னொருவர் பின்னால் வருகிறாரா?
காசு முன்னால் வருகிறதே, போதாதா?
எண்ணிக் கொடுத்தாள்.
எல்லாம் சின்ன நோட்டு,
எல்லாம் நான்காக மடிந்தது.

ஒன்றில் உட்கார்ந்தாள்.
மற்றதைக் கடல் பார்க்கத் திருப்பி வைத்து
முந்தானையால் மணலைத் தட்டிவிட்டாள்.

நண்பகலுக்குள்
எள் விழ இடமில்லை.
விழுந்திருந்தால் அதையும்
யாராவது பொறுக்கித் தின்றிருப்பார்கள்.
அங்கியோடு அலைக்குள் இறங்கிய பெண்கள்
காற்றடைத்துப் பந்தாக மிதந்தார்கள்.
டயர் ட்யூபுக்குச் சண்டை. சூரியகாந்தி விதைத் தொலி.
யாருடைய வானொலியோ, யாருடைய குழந்தையோ,
யாருடைய கால் என் கால்மேல்?

தேன் தடவிய ஃப்ரெஸ்கா விற்கிற ஸக்லூல்
கண்ணாடிப் பெட்டியோடு முதல் சுற்று வந்தபோது
அவள் புருஷன் இதே தண்ணீரில் போனவன் என்றான்.
இரண்டாம் சுற்றில் அது
லிபியாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத காதலன்.
மூன்றாம் சுற்றில், படகேறிய மகன்.
பெட்டியில் பண்டம் குறையக் குறைய
கதையில் ஆள் கூடியது.
நானும் கேட்டேன், என்ன செய்ய,
வெயிலுக்குக் கதை நல்லது.

மன்சூராவிலிருந்து பதினொரு பேர்,
அதில் முட்டி வலிக்கிற மாமா ஒருவர்.
சும்மாதானே கிடக்கிறது, கொடுங்களேன் என்றார்கள்.
ஆள் வருகிறது என்றேன்.
அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டேன்;
அதன் பிறகு நானே அடிக்கடி
படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

நாலு மணிக்குக் கறுப்புக் கொடி ஏறியது.
விசில். கடலிலிருந்து மொத்தக் கூட்டமும்
சொட்டச் சொட்டக் கரைக்கு வந்து
நிற்க இடமில்லாமல் நின்றது.
நடுவில் அந்த நாற்காலி,
வெள்ளை பிளாஸ்டிக், ஒரு கை லேசாக விரிசல்,
காலியாக.

விளக்கு போடும் நேரம் மடக்கப் போனேன்.
அவர் வரவில்லையா?
யார்?
நாற்காலியைக் காட்டினேன்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.

என் வீட்டில் ஒன்பது பேர், ஐந்து நாற்காலி.
முப்பது வருஷமாக நான் எழுந்தால்
எழுந்த சூடு ஆறுமுன் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.
எழுந்து போய்விட்டுத் திரும்பினாலும்
காலியாகவே இருக்கிற ஒன்றை
ஒரு நாளாவது பார்க்கவேண்டும் போலிருந்தது.
இன்றைக்கு மூன்று தடவை தண்ணீருக்குள் போனேன்.
மூன்று தடவையும் அது அப்படியே இருந்தது.

பேர் கேட்டேன். இன்ஷிராஹ் என்றாள்.
செருப்பைக் கையிலேயே பிடித்தபடி
சாலை ஏறிப் போனாள்.
ஏழு இருபது ரயிலில்
தந்தா வரைக்கும் நின்றுகொண்டுதான் போயிருப்பாள்.

ஸக்லூலிடம் சொன்னேன். முகம் சுளித்தான்.
செத்த புருஷனே பரவாயில்லை என்றான்.

இருநூற்று எண்பத்தேழு அடுக்கிவிட்டேன்.
ஒன்று இன்னும் அங்கேயே.
காலையில் குத்தகைக்காரர் கேட்டால்
ஈரம் காயட்டும் என்று விட்டேன் என்பேன்.

அது நனையவே இல்லை.