ஏழாவது சனிக்கிழமை

பனியனைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
ஊசி தாவிய ஒரே ஒரு கண்ணியும்
எனக்குத் தெரிந்துவிடும்.
எண்ணெய்க் கறை, நூல் தடிப்பு,
கழுத்துப்பட்டியில் ஓர் இழைக் கோணல்.
பதினோரு வருஷம், நாளைக்கு எண்ணூறு உருப்படி.
அதனால்தான் வந்து கேட்டார்கள்:
"அம்மிணி, உங்க கண்ணு பொய் சொல்லாதுங்க.
பின்கோட்டுல நீங்கதான் நிக்கோணும்."

திருப்பூர் வடகரைக்கும் தென்கரைக்கும் பூப்பந்து.
ஏழு ஆட்டம், ஏழு சனிக்கிழமை,
சம்பளக் கவர் கைக்கு வந்த பிற்பாடு
ராத்திரி ஒன்பதரைக்கு.
நடுவில் நொய்யல். போன வாரம் ஊதா,
இந்த வாரம் வெறும் நுரை.
நான் குடியிருப்பது வடகரை, வேலை தென்கரை.
இரண்டு பக்கத்துக்கும் நான் "நம்மாளு".

பந்து மஞ்சள் கம்பளி.
ஒரு பனியன் கையின் எடைகூட இருக்காது.
அதற்காகத்தான்
அயர்னிங் மாஸ்டர் நாச்சிமுத்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்,
இரண்டாவது ஆட்டத்தில்.
மூன்றாவது மழையில் நின்று மறுநாள் முடிந்தது.
நான்காவதில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து
பதினாறு பைக்கின் விளக்கில் ஆடினார்கள்.
பந்தைவிட அதன் நிழல் பெரிசு.
நிழலை அடித்தவர்களும் உண்டு.

ஐந்தாவதுக்குத் தென்கரை பிகாஷை இறக்கியது.
கஞ்சாம் ஜில்லாக்காரன், ஓவர்லாக் டெய்லர்,
பேசுவது பாதித் தமிழ், ஆடுவது முழு ஆட்டம்.
"வெளியூராளுங்க, ஒத்துக்க மாட்டோம்" என்றது வடகரை.
"ஏனுங்க, இங்க யாரு உள்ளூரு?"
கூட்டத்தில் எவரோ கேட்டார்.
வெள்ளகோவில், உசிலம்பட்டி, தேனி, தருமபுரி
எல்லாரும் கொஞ்ச நேரம் வலையைப் பார்த்தார்கள்.
பிகாஷ் ஆடினான்.

மூன்றுக்கு மூன்று.
ஏழாவது சனிக்கிழமை.
கடைசி கேம், முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு.
பனி இறங்கிப் பந்து கனத்திருந்தது.
சென்னியப்பன் உயரத் தூக்கி அடித்தான்.
பந்து பிகாஷின் தலைக்கு மேல்
அவசரமே இல்லாமல் போயிற்று.
அவன் மட்டையைத் தாழ்த்தி நின்றான்.
அது விழுந்தது.
நான் இரண்டு கையையும் விரித்தேன்: வெளியே.

அப்புறம் சத்தம். விசில், ஒரு நாற்காலி, யாரோ யாரையோ.
சென்னியப்பன் மட்டும் சத்தம் போடாமல் கிட்டே வந்தான்.
"பாத்தீங்களா அம்மிணி?"
"பாத்தேனுங்க."

பார்த்தது பந்தை அல்ல.
விட்டுவிட்டு நின்ற பிகாஷின் முகத்தை.
நல்ல டெய்லர் தைத்த கட்டைப்
பிரிக்காமலே பாஸ் போடுகிறதில்லையா,
அப்படித்தான் கை விரிந்தது.

பந்து எப்படியோ என் பைக்குள் வந்துவிட்டது.
வீட்டில் விளக்கைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் சுண்ணாம்பு.
ராத்திரி முழுக்கக் கோட்டு மேல் உருண்ட பந்து,
எந்தப் பந்தில்தான் சுண்ணாம்பு இருக்காது?
தண்ணீர்க் குழாயடியில் ஞாயிறு காலை
எனக்கு இடம் விட்டார்கள்,
ஒரு குடம் தள்ளியே.

திங்கள்கிழமை கம்பெனியில் பன்னும் டீயும்.
கோப்பை எதிர் பேக்கரியில்
தேங்காய்பன் தட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.
லைன் பெல் அடிப்பதற்குள்
பிகாஷ் செக்கிங் டேபிளுக்கு வந்தான்.
"அக்கா, அது வெளியேதானே?"

"நீதானே விட்டாய்? தெரிந்துதானே விட்டாய்?"

"இல்லக்கா. எட்டல.
அதான் உங்களையே பார்த்தேன்."

அவன் போய்விட்டான்.
ஓவர்லாக் ஓடத் தொடங்கியது.
அடுத்த உருப்படியை எடுத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
கண்ணி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
மறுபடியும் பார்த்தேன்.
பக்கத்தில் கட்டு கட்டாகக் குவிந்துகொண்டிருந்தது.