ஈரக்கழிவு

போடிமெட்டுக்கு வளைவுகள் பதினேழு.
ஞாயிறுதோறும் ஏறினேன்
முதுகுப்பையில் எட்டுக் கிலோ ஆற்றுக்கல்லோடு.
சந்தை முடிந்து திரும்பும் ஜீப் பக்கத்தில் நின்று
"கணக்கக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா, ஏறுங்க" என்றது.
ஆப்பிரிக்காவில் ஒரு மலைக்குப் பழகுகிறேன் என்றேன்.
"இந்த மலைக்கு என்ன கேடு?" என்றான் சன்னாசி.

பதில் இருந்தது. சொல்லவில்லை.
எடைக்கொட்டகைச் சுவரில் உரக்கம்பெனி காலண்டர்,
ஒன்பது வருடத்துக்கு முந்தைய மார்ச்.
மஞ்சள் புல்வெளிக்கு மேலே
யாரோ தயிர்சாதத்தைக் கவிழ்த்ததுபோல் கிளிமஞ்சாரோ.
ஏப்ரல் வந்தது. கிழிக்கக் கை வரவில்லை.

மூன்று சீட்டு, ஒரு சங்கிலி,
குரியாச்சன் முதலாளியிடம் பதினைந்து நாள் லீவு.
"அவிடெ ஏலம் உண்டோ?"
அவர் கேட்டது அது மட்டும்.

ஏலம் இல்லை. காப்பி உண்டு, வாழை உண்டு,
வேலியோரம் பூப்பாறையின் அதே சேறு.
மச்சாமே வாசலில் மலையைக் காணோம், மேகம்.
முதலில் கண்ணில் பட்டது ஒரு தொங்குதராசு.
சுமைகாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்,
மூட்டை ஏறுகிறது, முள் ஆடுகிறது,
பேரேட்டோடு ஒருத்தி, என் வயதுதான் இருக்கும்,
பேனாவை என்னைப்போலவே காதில் செருகியிருந்தாள்.
இருபது கிலோ.
அதற்குமேல் ஒருவன் தலையில் ஏறக்கூடாது.

என் மூட்டைக்கு முள் தாண்டியது.
கால்கிலோ.
கால்கிலோவையெல்லாம் யார் பார்ப்பார்கள்?
அவள் பார்த்தாள்.
கட்டை அவிழ்த்துத் துழாவி
உச்சியில் வைக்க நான் கொண்டுபோன போடிமெட்டுக் கல்லை
என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

ஆறு நாள்.
"போலே போலே" என்பான் எலிபரிக்கி,
எங்கள் ஊர்ப் "பைய பைய"தான்.
சொல்லிவிட்டு என் மூட்டையோடு அவன் விறுவிறுவென்று போய்விடுவான்.
நான் போய்ச் சேரும்போது கூடாரம் நிற்கும், வெந்நீர் ஆறியிருக்கும்.
அவன் கூலியை யார் எழுதுகிறார்கள்,
எழுதியபடி கொடுக்கிறார்களா என்று கேட்க
எனக்கு சுவாஹிலி தெரியாது.

உச்சியைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள்.
நள்ளிரவில் கிளம்பினோம்,
முன்னால் போனவரின் குதிகாலைத்தான் பார்த்தேன்.
குடிக்கும் தண்ணீர் உறைந்தது. இரண்டு முறை வாந்தி.
விடிந்தபோது ஒரு பலகை, அதன் முன்னால்
ரேஷன் கடைபோல வரிசை, போட்டோவுக்கு.
தூரத்தில் பனி ஒரு இடிந்த சுவராக நின்றது,
காலண்டரில் இருந்ததைவிடக் கொஞ்சம்.
கல்லை வைக்க மறந்துபோனேன்.

லீவு முடிந்த திங்கள் மாலை. சாரல்.
காட்டிலிருந்து காய் இறங்குகிறது.
ஒச்சம்மாள் சாக்கைத் தராசில் வைத்தாள்.
பன்னிரண்டு கிலோ எழுநூறு.
பதினொரு வருடமாக இந்த இடத்தில் என் கை தானாகப் போகும்:
ஈரக்கழிவு அரைக்கிலோ,
மழைநாளென்றால் முக்கால்.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
எனக்கு முந்தையவரின் பேரேட்டில் அப்படி இருந்தது.

பன்னிரண்டு எழுநூறு
என்று எழுதினேன்.

ஒச்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.
"என்னக்கா, மலையில கண்ணு கெட்டுப்போச்சா?
மழையில்ல பேயுது?"
அவளுக்குப் பின்னால் வேலுத்தாய்,
வேலுத்தாய்க்குப் பின்னால் முப்பத்தோரு பேர்.
கீழ் வளைவில் முதலாளியின் ஜீப் வெளிச்சம் திரும்பிக்கொண்டிருந்தது.
கோட்டுப் பையில் அந்தக் கல் இன்னும் கிடந்தது.

"அடுத்த சாக்கு" என்றேன்.